தண்டையும் சேர்த்துப் போட்ட எடை

உட்காருங்கள் அக்கா, காலி இடம்தான். பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் அந்தப் பச்சைக் கதவு அறையிலிருந்துதானே வருகிறீர்கள், தாய்ப்பால் வங்கி என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே? காலையிலேயே உங்களைக் கவனித்தேன். போகும்போது சேலையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு போனீர்கள், திரும்பும்போது நிமிர்ந்து வந்தீர்கள். உங்கள் பிள்ளையும் உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறானா? எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டானா? இருந்தாலும் உங்களுக்குப் பால் இருக்கிறது அக்கா. உங்கள் பிள்ளைக்குப் போக, முகம் தெரியாத பிள்ளைக்கும் எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு இருக்கிறது. கண் வைக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

என்னுடையது பெண். இதழினி என்று நானே தேடிப் பெயர் வைத்தேன். மூன்றாம் மாதம் நடக்கிறது. இன்று காலையில் கொண்டுவந்தோம். கண் திறக்கவில்லை, வாயில் வைத்தால் சப்பவில்லை, அழக்கூட இல்லை. அழாத பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மடித்துவைத்த துணி மாதிரி கையில் கிடந்தாள். உள்ளே வாங்கிக்கொண்டு எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். அதோ, தூணோரம் முந்தானையை விரித்துப் படுத்திருக்கிறார்களே, அவர்கள் என் அத்தை, மாமியார். காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத வரைக்கும் நல்லது.

எனக்கு அத்தை மேல் கோபம் இல்லை. டாக்டர்கள் மேலும் இல்லை. ஜெயக்கொடி சிஸ்டர் மேல்தான் அக்கா எனக்குக் கோபமெல்லாம். அவர்கள் மட்டும் சரியாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு நான் இந்த பெஞ்சில் வந்து உட்கார வேண்டியதில்லை.

ஜெயக்கொடி சிஸ்டர் எங்கள் பகுதியின் சுகாதார நர்ஸ். ஸ்கூட்டியில் வருவார்கள். தெருமுனையில் ஹாரன் கேட்டதுமே கைப்பிள்ளைக்காரிகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நானும்தான். என் அம்மா நான் ப்ளஸ் டூ படிக்கிறபோதே போய்விட்டாள். அதனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்கிற பேச்சுக்கே இடமில்லாமல் மாமியார் ஊர் ஆஸ்பத்திரியிலேயே ஆகிவிட்டது. பிரசவ வார்டில் என் மார்பை ஒரு கையால் தாங்கி, பிள்ளையின் வாயை இன்னொரு கையால் திறந்து, "இந்தா, இப்படி. காம்பு மட்டும் இல்லை, அந்தக் கறுப்பு வட்டம் முழுக்க உள்ள போகணும்" என்று பொருத்திவிட்டது சிஸ்டர்தான். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. அவர்களுக்கு அது ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்டுகிற மாதிரி.

அப்போதே அத்தைக்கும் சிஸ்டருக்கும் ஒரு சண்டை நடந்தது. சேனை வைப்பது தெரியும்தானே உங்களுக்கு? பிள்ளை பிறந்ததும் சீனித்தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைப்பார்கள். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அத்தை தன் அண்ணனைக் கையோடு கூட்டிவந்து நிறுத்திவிட்டார்கள்.

"எங்க அண்ணன் ரெண்டு லாரி வச்சிருக்கான். அவன் கையால ஒரு சொட்டு வச்சா பிள்ளைக்கும் அந்த யோகம் வரும்லா."

"லாரியை அவ பெரிசானப்புறம் வாங்கிக்கிடட்டும்மா. இப்ப அவளுக்குச் சீம்பால் போதும்" என்றார்கள் சிஸ்டர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், "சிஸ்டர் சொன்னா சரிதான் அத்தை" என்றேன். அத்தையின் அண்ணன் சீனித்தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜெயக்கொடி சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டி, "படிச்ச பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்" என்றார்கள்.

அந்தத் தட்டு எனக்குப் போதும் அக்கா. நான் ஆறாம் வகுப்பிலிருந்து கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். அங்கே மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும், மணி அடித்தால் விளக்கை அணைக்க வேண்டும். பசிக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம், மணி அடிக்கவில்லை என்றுதான் சொல்வோம். என்னை ஒரு நாள்கூட யாரும் முட்டி போட வைத்ததில்லை. சிஸ்டர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் வராது. அதை நான் அங்கே படித்துக்கொண்டேன்.

ஜெயக்கொடி சிஸ்டர் சொன்னதையும் அப்படித்தான் செய்தேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூடக் கூடாது. வசம்பு உரசி ஊற்றக் கூடாது, கிரைப் வாட்டர் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க வேண்டும். அழுதாலும் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள், சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அழும்போதெல்லாம் தூக்கிக்கொண்டால் ஒழுங்கு என்று ஒன்று எப்படி வரும்? நான் போனில் அலாரம் வைத்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு பக்கம் பத்து நிமிடம், மறு பக்கம் பத்து நிமிடம். அலாரம் அடித்தால் எடுத்துவிடுவேன்.

அத்தைக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். "ஏட்டி, பிள்ளை தொண்டை கிழிய அழுவுது, எடுத்துக் குடு."

"இன்னும் நேரம் ஆகலை அத்தை."

"நேரமா? ஏன், உன் மக எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போறா?"

சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் பிள்ளையை எடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் பாருங்கள் அக்கா, அவளே அழுவதை நிறுத்திவிட்டாள். அலாரம் அடிக்கும்வரை சும்மா கிடப்பாள். பழகிவிட்டாள் என்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஆகஸ்ட் மாதம் தாய்ப்பால் வாரம் வந்தது. அப்போது இதழினி கொழுகொழு என்று இருந்தாள். சிஸ்டர் வீட்டுக்கே வந்து, "கோமதி, இந்தத் தடவை நம்ம ஆஸ்பத்திரி பேனர்ல நீதான்" என்றார்கள். என்னையும் பிள்ளையையும் போட்டோ எடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் கேட்டில் ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். மேலே 'முன்மாதிரித் தாய்' என்று மஞ்சள் எழுத்து. விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஹாஸ்டல் பேச்சுப்போட்டியில் பேசின மாதிரி மடமடவென்று பேசினேன். தாய்ப்பாலுக்கு நிகரில்லை, மனம் இருந்தால் எந்தத் தாய்க்கும் பால் சுரக்கும் என்று முடித்தேன். மனம் இருந்தால் என்பதை சிஸ்டர் எழுதித் தரவில்லை, நானே சேர்த்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், போட்டோவைப் பார்த்துவிட்டு கம்பெனி முழுக்கக் காட்டினாராம்.

அதற்கப்புறம்தான் பால் குறைந்தது. எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. ஊர்க் கண் என்று அத்தை சொன்னார்கள். ஃப்ளெக்ஸ் கட்டி மாரைக் காட்டினால் வற்றாமல் என்ன செய்யும் என்றார்கள். மாரெல்லாம் தெரியாது அக்கா, துப்பட்டா போட்டுத்தான் எடுத்தோம்.

முன்னெல்லாம் அலாரம் அடிக்கும் முன்னே ஜாக்கெட் நனைந்துவிடும். அது நின்றுபோனது. பிள்ளை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு பார்வை. ஏதோ நான் வைத்துக்கொண்டு தராமல் இருக்கிற மாதிரி. பிறகு தூங்கிவிடுவாள்.

எங்கள் ஊர் பால்வாடியில் செவ்வாய்க்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். உத்தரத்திலிருந்து தராசு தொங்கும். அதில் கால்சட்டை மாதிரி ஒரு துணிப்பை. பிள்ளையை அதற்குள் காலை விட்டுத் தொங்கவிடுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை முள் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது. சிஸ்டர் மறுபடி தூக்கித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். சுற்றிலும் மற்ற பெண்கள். அதில் இசக்கியம்மாள் என்று ஒருத்தி. நான் மேடையில் பேசியதிலிருந்து என்னைப் பார்த்தாலே, "வாங்க மாதிரித் தாயி" என்பாள். அவள் கழுத்தை நீட்டி முள்ளைப் பார்க்கிறாள்.

சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "பயப்படாதே. ஒரு வாரம் நிக்கிறது உண்டு. அடுத்த செவ்வாயும் ஏறலைன்னா நாம ரெண்டு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். பால் குடுக்கிற முறையைப் பக்கத்துல இருந்து பார்த்துச் சரி பண்ணுவாங்க. அதுவரைக்கும் பத்தலைன்னா வங்கிப் பால் இருக்கு. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை, கேட்டியா? ராத்திரியானாலும் எனக்குப் போன் போடு."

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன் என்று என்னிடம் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? ஹாஸ்டலில் தப்புச் செய்தவளை மதர் ரூமுக்கு வா என்றால் என்ன அர்த்தமோ அதுதான். ஃப்ளெக்ஸ் கேட்டில் தொங்குகிறது. அதன் அடியிலேயே என்னை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். இசக்கியம்மாள் வாசலில் நின்று பார்ப்பாள். இதையெல்லாம் சிஸ்டர் யோசிக்க வேண்டாமா?

அடுத்த செவ்வாய் வந்தது. அன்றைக்குக் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதுதான் அத்தையின் பெட்டியிலிருந்த தண்டை ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் குழந்தையாக இருந்தபோது போட்டது. இந்தக் காலத்துக் கொலுசு மாதிரி இல்லை அக்கா, கட்டி வெள்ளி, கையில் எடுத்தால் கை தாழும். கேட்டதும் அத்தைக்கு ஒரே சந்தோஷம். "பரவால்லையே, இப்பவாவது மாமியா வீட்டு நகை கண்ணுக்குத் தெரிஞ்சுதே" என்று அவர்களே துடைத்துக் கொடுத்தார்கள். பிள்ளையின் காலில் இரண்டையும் போட்டுக் கூட்டிப்போனேன்.

"இதைக் கழட்டிரும்மா" என்றார்கள் சிஸ்டர்.

"குலசாமி கோயில்ல முடி எடுக்கிற வரைக்கும் கழட்டக் கூடாதாம் சிஸ்டர். அத்தை சொல்லிட்டாங்க."

அதில் பாதி உண்மைதான். அரைஞாண் கொடியைக் கழற்றக் கூடாது என்று அத்தை சொன்னார்கள். தண்டையைப் பற்றிச் சொல்லவில்லை. சிஸ்டர் ஒரு நிமிடம் யோசித்தார்கள். ஏற்கெனவே சேனை விஷயத்தில் அத்தையைப் பகைத்துக்கொண்டவர்கள். சாமி சமாச்சாரத்தில் கை வைத்தால் அப்புறம் அந்தத் தெருவில் ஒருத்தியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர மாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். "சரி, இருக்கட்டும், கொஞ்சம் கழிச்சுக்கிடுதேன்" என்று தொங்கவிட்டார்கள். முள் ஏறியது. அவர்கள் கழித்ததற்கும் மேலேயே ஏறியது. "பார்த்தியா, நான் சொன்னேன்ல!" என்று என் முதுகில் ஒரு தட்டு. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிப் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் தண்டை ஒரு வாரத்துக்குத்தான் அக்கா. அடுத்த வாரம் அதே தண்டையோடு போனால் முள் அதே இடத்தில்தானே நிற்கும்? அதனால் காப்பும் சேர்த்துப் போட்டேன். அதற்கடுத்த வாரம் அரைஞாண் கொடியை மாற்றி, பெரியதாக, தாயத்தெல்லாம் கோத்ததாகப் போட்டேன். போன செவ்வாய் போடுவதற்கு வேறு நகை இல்லை. இடுப்புத் துணியை நன்றாக நனைத்து நான்காக மடித்து உள்ளே கட்டிவிட்டேன். "இப்பதான் ஒண்ணுக்குப் போனா சிஸ்டர்" என்றேன். "போகட்டும், போகட்டும், நிறையப் போனா நிறையக் குடிக்கான்னு அர்த்தம்" என்றார்கள்.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? பிள்ளைக்கு நகை போடுவது ஊரில் இல்லாததா? தண்டை என்ன எடை என்று சிஸ்டர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வதுதான் பொய் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேட்காததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

ஒரு தடவை கேட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன கோமதி, எடை ஏறுது, முகம் மட்டும் வாடின மாதிரி இருக்கே. பால் பத்துதாம்மா?" என்றார்கள். "பத்துது சிஸ்டர்" என்றேன். பின்னே என்ன சொல்வது? சுற்றிப் பத்துப் பேர் இருக்கிறபோது பத்தவில்லை என்று எந்தத் தாய் சொல்லுவாள்? ஒரு மரியாதைக்குச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதா? அவர்கள் படித்தவர்கள். முகம் வாடியிருக்கிறது என்று கண்ணால் கண்டுவிட்டு தராசை நம்பினார்களே, அதுதான் என் கோபம்.

அத்தை கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு எடையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பிள்ளையின் தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தோலு தொளதொளன்னு வருது. ஏட்டி, உன்கிட்ட பாலு இல்லை" என்றார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஆட்டுப்பால் வாங்கி, காய்ச்சி, சங்கில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"ஒரு சங்கு குடுத்தா செத்தா போயிருவா?"

"கூடாது அத்தை. ஆறு மாசத்துக்குத் தண்ணிகூடக் கூடாது."

"தண்ணி கூடாதுன்னா சரி. பாலு கூடாதுன்னு எவ சொன்னா? அந்த ஸ்கூட்டிக்காரியைக் கூப்பிடு, நான் கேக்கேன்."

"எடை ஏறுதுன்னு சிஸ்டரே சொல்லிட்டாங்க அத்தை. உங்களுக்கு அவங்களைவிடத் தெரியுமா?"

சொன்னதும் அத்தை முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எனக்கு என்னட்டி தெரியும்" என்று சங்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். ஆனால் நான் குளிக்கப் போனால் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டேதான் குளிப்பேன். எந்த நேரமும் கொடுத்துவிடுவார்களோ என்று. கொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் என் பேச்சுக்கு மரியாதை வைத்தார்கள்.

சிஸ்டருக்கு ஏன் போன் செய்யவில்லை என்கிறீர்களா? நம்பர் இருந்தது. எடுத்து எடுத்துப் பார்ப்பேன். என்ன சொல்லித் தொடங்குவது? "சிஸ்டர், நான் கோமதி" என்றால் உடனே, "சொல்லும்மா, என் தங்கம்" என்பார்கள். என் தங்கம் என்று சொன்ன பிறகு எப்படிச் சொல்வது?

இன்று காலையில் அலாரம் அடித்தது, எடுத்தேன், அவள் விழிக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். விழிக்கவில்லை. அத்தை அலறிக்கொண்டு ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினார்கள். அந்த நேரத்துக்குள் நான் தண்டை, காப்பு, கொடி எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் முதலில் எடைதான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் ஒரு தண்டையின் திருகாணி ஏறவே இல்லை. ஆட்டோவில் போட்டேன்.

ஆனால் இங்கே வேறு மாதிரி. உள்ளே வாங்கியதும் எடை பார்க்க ஒட்டுத்துணி இல்லாமல் உருவிவிட்டார்கள். குலசாமி கோயிலில் முடி எடுக்கிறவரைக்கும் என்று ஆரம்பித்தேன். "குலசாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன், நீங்க வெளிய நில்லுங்க" என்றது அந்த நர்ஸ். நகையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்து, தொலைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்றது. இதோ, இந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

பிறகு அந்தச் சின்ன டாக்டர் வந்தார்கள், என் வயதுதான் இருக்கும். "கடைசியா எப்ப எடை பார்த்தீங்க?" என்றார்கள். "செவ்வாய்க்கிழமை." "எவ்வளவு?" சொன்னேன். டாக்டர் என்னை நம்பவில்லை. ஜெயக்கொடி சிஸ்டர் நம்பரை வாங்கி என் எதிரிலேயே போன் செய்தார்கள். ஸ்பீக்கரில் போட்டார்கள். சிஸ்டர் குரல் கணீரென்று கேட்கிறது: "ஆமா டாக்டர், வாரா வாரம் நானே என் கையால போட்ட எடை. என் ஏரியாவுலயே நல்லா ஏறுற பிள்ளை அதுதான். ஐயோ, என்னாச்சு டாக்டர்? கோமதி பக்கத்துல இருக்காளா? ஏம்மா, பயப்படாதே, நான் வாரேன்."

டாக்டர் போனை வைத்துவிட்டு இன்னொரு டாக்டரிடம் சொன்னார்கள். நாலு நாளில் ஒரு பிள்ளை இவ்வளவு எடை இறங்காது, பட்டினியாக இருந்தால்கூட இறங்காது, உள்ளே ஏதோ பெரிய வியாதி என்று. வயிற்றில் குடல் கோளாறாக இருக்கலாம், மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். ஸ்கேன் பார்க்கிறவரைக்கும் வாய்வழியாக ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள் என்று நர்ஸிடம் சொன்னார்கள். டிரிப்ஸ் மட்டும் போகிறது. வங்கிப் பால் எடுத்து வைத்திருந்ததைத் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டார்கள். நான் பார்த்தேன் அக்கா. சின்னப் பாட்டில். உங்கள் பாலாகக்கூட இருக்கும்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கப் போகிறார்களாம். கையெழுத்து வாங்கினார்கள், போட்டேன். "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று டாக்டர் கேட்டார்கள். வேறு என்றால் என்ன வேறு? "இல்லை டாக்டர்" என்றேன்.

என்ன சொல்கிறீர்கள்? இப்போது போய்ச் சொன்னால் பால் கொடுப்பார்களா? அது எப்படி உங்களுக்குத் தெரியும்? அவர்கள் டாக்டர்கள் அக்கா. ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, எல்லாம் பார்த்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். வியாதி இல்லை என்று தெரிந்ததும் தானாகவே பால் கொடுப்பார்கள். அதற்குள் நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? திறந்தால் போலீஸ் கேஸ் ஆகும். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி ஹோமில் போட்டுவிடுவார்கள். டிவியில் பார்த்திருக்கிறேன். சிஸ்டர் வேறு வழியில் வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்கள் முன்னால் எப்படி அக்கா? என் வீட்டுக்காரர் பஸ் ஏறிவிட்டார். அவருக்கு யார் சொல்வது?

ஸ்கேன் மெஷினுக்கு ஆள் மத்தியானத்துக்கு மேல்தான் வருமாம். அதுவரைக்கும் தாங்குவாளா என்றா கேட்கிறீர்கள்? டிரிப்ஸ் போகிறதே. அப்படியெல்லாம் கேட்காதீர்கள் அக்கா.

கொஞ்சம் முன்னால் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாயைக் குவித்துக் குவித்து எதையோ தேடினாள். கண் மூடித்தான் இருந்தது. வாய் மட்டும். அந்த நர்ஸ் ஒரு பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்தது. பிள்ளை பஞ்சை விடவில்லை அக்கா. இழுக்க இழுக்கச் சப்பிக்கொண்டே போனாள். இவ்வளவு பசி இருக்கிற பிள்ளைக்கு என்ன வியாதி இருந்துவிடப் போகிறது?

நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? உங்கள் பால் கெட்டுவிடும், அழாதீர்கள்.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? தண்ணீர் வேண்டுமா, என்னிடம் பாட்டில் இருக்கிறது. உட்காருங்கள். அக்கா, அந்தப் பக்கம் இல்லை, அது டாக்டர் ரூம். நீங்கள் முன்பின் தெரியாதவர்கள் என்றுதானே நான் உங்களிடம் சொன்னேன். பேர்கூடக் கேட்கவில்லை. தெரிந்தவர்களாக இருந்தால் சொல்லியிருப்பேனா? சேலையை இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நிமிடம் நில்லுங்கள்.

சொல்லத்தான் வேண்டும் என்றால், நகையெல்லாம் அத்தை போட்டுவிட்டது என்று சொல்லுங்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். படிக்காதவர்கள், வயதானவர்கள், பாசத்தில் செய்துவிட்டார்கள் என்று விட்டுவிடுவார்கள். எனக்காக இந்த ஒன்றைச் செய்ய மாட்டீர்களா?

சரி. சரி, விட்டுவிட்டேன். கையை எடுத்துவிட்டேன்.

அக்கா, கதவைத் தட்டிவிட்டீர்கள், அவர்கள் வருகிறார்கள். மெதுவாகச் சொல்லுங்கள். எல்லாரும் பார்க்கிறார்கள், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.